வாழைமண்டியில் பதிவான என் ஆல்பம்

எங்கள் ராக் குழுவில் நான்கு பேர் இருந்தோம். ஒரே வருஷத்தில் மூன்று பேர் வேலை கிடைத்து பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான் மட்டும் கிடாரோடு மிச்சம். அந்தக் கோபத்தில் எழுதிய எட்டுப் பாட்டுகளைத் தனியாகவே ஆல்பமாக்குவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீடு மெயின் ரோட்டில். ஹாரன் சத்தமில்லாமல் ஒரு வரிகூடப் பதிவு செய்ய முடியாது. என் மாணவி ஒருத்தியின் அப்பாவுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வாழைமண்டி. காய் பழுக்க வைக்கும் குளிர் அறைகளில் ஒன்று, வரத்து குறைந்திருந்ததால் காலியாகக் கிடந்தது. கனத்த சுவர், ரப்பர் விளிம்பு வைத்த கதவு. உள்ளே நின்றால் வெளிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. எதிரொலியை அடக்க வீட்டு மெத்தைகளைக் கொண்டுபோய்ச் சுவரோடு சாய்த்தேன்.

“டீச்சர், கதவ அடைச்சா உள்ள காத்து வராது. பாட்டுக்கு ஒருதரம் தெறந்து வெளிய வந்திரணும். அது ஒண்ணுதான் நான் சொல்லுதது” என்றார் மண்டி அண்ணாச்சி.

விடுமுறை நாட்களின் பகல்பொழுதுகளில் ஏழு பாட்டுகள் முடிந்தன. எட்டாவது, போன மூன்று பேரைத் திட்டி எழுதியது. ‘விட்டுரு, என்னை விட்டுரு’ என்று அடித்தொண்டையில் கத்த வேண்டும். முன்பே பதிவு செய்து வைத்திருந்த கிடாரும் கம்ப்யூட்டர் டிரம்ஸும் என் ஹெட்போனில் மட்டும்தான் ஒலிக்கும். வெளியே இருப்பவர்களுக்குக் கேட்பது வெறும் குரல். அதை நான் யோசிக்கவே இல்லை.

கண்ணை மூடிக் கத்திக்கொண்டிருந்தபோது முகத்தில் வெயில் அடித்தது. வாசலில் அண்ணாச்சி. பின்னால் சுமை இறக்கும் ஆட்கள் இரண்டு பேர், ஒருவர் கையில் கடப்பாரை. டீ கொண்டுவந்தவர் கதவோரம் கேட்டுவிட்டு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சி ஒரு மெத்தையை இழுத்துப் பின்னால் பார்த்தார். “எங்க டீச்சர் அவன்?”

“பாட்டு அண்ணாச்சி” என்றேன்.

அவர் மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதுவா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். கடப்பாரைக்காரரும் சேர்ந்துகொண்டார். அண்ணாச்சி கடைசியாகச் சிரித்தார்.

டீ குடித்துவிட்டு மறுபடி பாடினேன். நாலு தடவை. குரல் வந்தது, கோபம் வரவில்லை. நடந்ததை அந்த மூன்று பேரிடமும் எப்படிச் சொல்வது என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது. பேசி எட்டு மாதமாகியிருந்தது.

கதவு திறந்ததும் அண்ணாச்சியின் கேள்வியும் என் சிரிப்பும் பதிவாகியிருந்த முதல் தடவையையே வைத்துக்கொண்டேன். அவரிடம் போட்டுக் காட்டி அனுமதி கேட்டேன். திசையன்விளையில் இருக்கும் தங்கைக்கும் அனுப்பச் சொன்னார். மொத்தப் பாட்டிலும் அண்ணன் பேசினது மட்டும்தான் விளங்குகிறது என்று அந்த அம்மா சொன்னாராம்.

ஆல்பம் வெளியான ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பழைய டிரம்மர் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான்.

“கடைசிப் பாட்டு எங்களப் பத்தித்தானட்டி?”

ஆமாம் என்றேன்.

“நல்லாத்தான் திட்டியிருக்க” என்றான். பிறகு, யார் அந்த அண்ணாச்சி, முழுசா சொல்லு என்றான். அடுப்பில் இருந்த இட்லியை மறந்துவிட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.