அவள் கட்டாத வருஷம்

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. சிக்னலில் பச்சை விழுந்து முன்னால் நிற்கும் கார் ஒரு நொடி தாமதித்தால் என் கை ஹாரனுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட என்னை, இந்த அமெரிக்க டப்ளினில் பக்கத்து வீட்டில் இருக்கும் சீனத் தோழி போன வருஷம் தன் அடுக்களையில் உட்காரவைத்துச் சோங்ஸி கட்டக் கற்றுக்கொடுத்தாள். மூங்கில் இலையைக் கூம்பாக மடித்து, வெந்தால் பசையாக ஒட்டும் அரிசியும் பாசிப்பருப்பும் நிரப்பி, நூலால் கட்டி வேகவைப்பது. கோடையில் வரும் அவர்களுடைய படகுப் பண்டிகைக்கு அது இல்லாமல் ஆகாது. நான் வரிந்து கட்டியதெல்லாம் பானையில் வெடித்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. வெடித்ததைத் தானே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அரிசி ஊதுவதற்குக் கொஞ்சம் இடம் விடு என்று மட்டும் சொன்னாள். அந்தக் குணம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஊரில் அவள் அம்மா இறந்துபோனார். கிரீன் கார்டு வேலை பாதியில் நின்றதால் அவளால் போக முடியவில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாள். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் சோங்ஸி கட்டக் கூடாதாம். வேண்டியவர்கள்தான் கட்டிக்கொண்டு வந்து தர வேண்டுமாம். நம் வீடுகளில் துக்க வருஷத்துத் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்காமல், அக்கம்பக்கம் கொடுப்பதைத் தின்பது மாதிரிதான். இங்கே அவளுக்கு உறவு என்று ஒருவரும் கிடையாது. கடையில் ஃப்ரோஸனாகக் கிடைக்கிறதே என்றேன். வாங்கினால் ஆகாது என்றாள். அம்மா முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை, இதையாவது ஒழுங்காகச் செய்கிறேன் என்றாள். பண்டிகை அன்று ஆபீசுக்கு லீவு போட்டேன்.

கொழுக்கட்டை செய்து பழகிய புத்தி, முதலில் கட்டியதை இட்லிப் பானையில் ஆவியில் வைத்துவிட்டேன். பிரித்தால் அரிசி நறுக் நறுக்கென்றது. தண்ணீரில் முழுக்கி மணிக்கணக்கில் கொதிக்கவிட வேண்டியது அது. எட்டிப் பார்த்த கணவர், அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடேன் என்றார்.

"துக்க வீட்டுல போய் எப்படிக் கட்டறதுன்னு கேப்பாங்களா? நீங்க போய் உங்க மீட்டிங்கைப் பாருங்க."

மறுபடியும் இலையை ஊறவைத்தேன். அவள் விரல்கள் எப்படிப் போயின என்று நினைத்து நினைத்துக் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சிலும் கை தானாக இறுக்கப் பார்த்தது, திட்டிக்கொண்டே தளர்த்தினேன். சாயங்காலம் மூடியைத் திறந்தபோது ஒன்றுகூட வெடித்திருக்கவில்லை. ஆனால் அழகு என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

தட்டோடு போனேன். அவள் அம்மா படத்துக்கு முன்னால் வைக்க இருப்பதிலேயே கோணலானதாகப் பார்த்து எடுத்தாள். எனக்கு மானம் போயிற்று. கொஞ்சம் நல்லதாக எடேன் என்று தட்டை நீட்டினேன்.

"இதுதான் வேணும். எனக்காக இங்க ஒருத்தி உக்காந்து கட்டியிருக்கான்னு, இதைப் பார்த்தாத்தான் அம்மா நம்புவாங்க."