அரைத் தொட்டி

ஆர்டித் பீல் வீட்டு நிலவறையில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் கணப்பு எந்திரத்துக்கான எண்ணெய்த் தொட்டியில் எப்போது பார்த்தாலும் பாதி எண்ணெய் இருக்கும். தொட்டியின் தலையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சிவப்பு மிதவை. எண்ணெய் ஏறினால் அது ஏறும், இறங்கினால் இறங்கும். எங்கள் பர்ச் கோவ் கரையில் மற்ற வீடுகளில் எல்லாம் ஜனவரி பிறந்தால் அந்தச் சிவப்பு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு ஆளைக் கலங்கடிக்கும். ஆர்டித் வீட்டில் மட்டும் பாதியை விட்டு அசையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

காலையில் உருளைக்கிழங்கு எடுக்க இறங்குகிற சாக்கில் தினமும் அந்தக் குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மேலே வருவாள். சின்ன வயதில் விறகு அடுக்கைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது.

அவளுடைய அப்பா ஹார்லன், கடல் வற்றும் நேரத்தில் சேற்றில் மட்டி தோண்டிப் பிழைத்தவர். ஆர்டித்துக்கு ஒன்பது வயதான குளிர்காலத்தில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். வீட்டில் விறகு தீர்ந்துபோயிற்று. ஊர்ச் சபை இரண்டு பார விறகைக் கொண்டுவந்து வாசலில் இறக்கியது. நல்ல காய்ந்த மேப்பிள் விறகு. அதன் வாசனை இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது என்பாள். அந்த ராத்திரி நாலு பிள்ளைகளும் காலுறையைக் கழற்றிவிட்டுத் தூங்கினார்கள். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

மார்ச் மாதம் ஊர்க்கூட்டம். அதற்கு முன்னால் வருஷாந்திர அறிக்கை வீட்டுக்கு ஒன்று வரும், நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம். சாலைக்கு இவ்வளவு, பாலத்துக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு. கடைசிப் பக்கத்தில் ‘ஏழைகள் பராமரிப்பு’ என்று தலைப்புப் போட்டு, கீழே பெயர்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான், வாங்கியவன் பெயரை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். ஹார்லன் ஆலி, விறகு, இரண்டு பாரம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் பெஞ்சு மேல் ஏறி நின்று அதை வாசித்தான். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு, ‘ஊர்க்கணக்கு’. அவன் ஊர்க்கணக்கு, அவள் ஊர்க்கணக்கு என்பார்கள். சொல்லும்போதே உதடு கோணும். ஆர்டித்துக்கு நாலு வருஷம் அதுதான் பெயராக இருந்தது.

செத்தாலும் இனி அடுத்தவர் நெருப்பில் குளிர்காய்வதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள். அவள் முடிவு செய்தால் செய்ததுதான்.

வளர்ந்து பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அஞ்சாம் நம்பர் வண்டி, முப்பத்தொரு வருஷம். அந்த நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் முகமே வேறு. விடிவதற்கு முன்னால் போய் எஞ்சினைச் சூடேற்றுவது, கண்ணாடியில் பனிப்பூவைச் சுரண்டுவது, ஈரக் கையுறைகளின் கம்பளி வாடை, எல்லாம் நேற்று நடந்த மாதிரி சொல்லுவாள். அவளுக்குக் கண்டிப்பு அதிகம். வாயாடிகளை எழுப்பி, “பின்னாடி உட்கார்ந்து கதையளந்தது போதும், இங்க வா” என்று தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார வைத்துவிடுவாள். அந்த இருக்கைக்கு அடியில்தான் வண்டியின் ஹீட்டர் இருந்தது. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

புருஷன் மெர்ல் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். வாயில்லாப் பூச்சி. அவன் ஸ்வெட்டரில் எந்நேரமும் டீசல் வாடை அடிக்கும். “உன்னைத் துவைச்சுக் காயப் போட்டாலும் போகாதுடா” என்று அவள் திட்டினால் சிரித்துக்கொள்வான். ஆர்டித் சமையல், தோட்டம், வாய். மெர்ல் நிலவறை, கூரை, வீட்டுக் காகிதங்கள். அப்படிப் பங்கு பிரித்துக்கொண்டு நாற்பத்தெட்டு வருஷம் ஓட்டினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சில் பீன்ஸ் விருந்து நடக்கும். குளிர்கால எண்ணெய்க்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்த பிறகு, அங்கே அந்தப் பேச்சு வராத வாரம் கிடையாது. ஆர்டித் வாயைத் திறந்தால் நிறுத்த முடியாது. நாங்களும் கிளறிவிடுவோம், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். உழைக்காமல் உதவித்தொகைக்குக் கை நீட்டுகிறவர்கள், வெட்கம் கெட்டவர்கள், ஊர்க்கணக்கு ஆட்கள் என்று வரிசையாக விளாசுவாள். “எங்க வீட்ல வந்து பாருங்க, எப்பவும் அரைத் தொட்டி” என்று முடிப்பாள். மெர்ல் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸைத் தின்றுகொண்டிருப்பான். தலை நிமிராது.

போன செப்டம்பரில் மெர்ல் துறைமேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் பெயருக்கு வந்த கடிதங்களைப் பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சமையலறை இழுப்பறையில் போட்டு மூடினாள். அவன் இல்லாத வீட்டில் அந்தச் சிவப்பு மிதவை ஒன்றுதான் அவளுக்குத் தைரியம். நவம்பரில் அரை, டிசம்பரில் அரை. இருக்கிறதை வைத்து ஓட்டலாம் என்று கணப்பு எந்திரத்தைக் குறைத்தே வைத்திருந்தாள்.

பிப்ரவரி முதல் திங்கட்கிழமை காலையில் கணப்பு நின்றுபோயிற்று. எந்திரத்தை மறுபடி ஓடவைக்கும் சிவப்பு பட்டனை அழுத்தினாள், உறுமிவிட்டு அடங்கியது. நிலவறைக்குப் போய்ப் பார்த்தாள். அரைத் தொட்டி. எந்திரம்தான் கெட்டுப்போயிருக்கும் என்று பழுது பார்க்கும் கர்ட்டிஸைக் கூப்பிட்டாள்.

கர்ட்டிஸ் வந்தவன் எந்திரத்தைத் தொடவே இல்லை. தொட்டியை முஷ்டியால் தட்டினான். டம்மென்று சத்தம் கேட்டது. கண்ணாடிக் குழாயைத் திருகிக் கழற்றி, தன் கத்தியின் நுனியால் எதையோ நெம்பி எடுத்தான். மிதவை சொத்தென்று அடிக்கு விழுந்தது. அவன் உள்ளங்கையில் பாதித் தீக்குச்சி இருந்தது.

“எந்திரம் நல்லாத்தான் இருக்கு ஆர்டித். தொட்டி காலி. இது தானா விழுந்த குச்சி இல்ல, யாரோ பார்த்துச் செருகியிருக்காங்க.”

தொட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்தான். அங்கே நாலு மஞ்சள் டீசல் கேன்கள் காலியாக அடுக்கியிருந்தன. எண்ணெய் வண்டியைக் கூப்பிடக் காசில்லாத எங்கள் கரை ஆட்கள், பெட்ரோல் பங்கில் கேன் கேனாக டீசல் வாங்கித் தொட்டியில் ஊற்றி நாளை நகர்த்துவார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். மெர்லும் அதைச் செய்தான் என்பது மட்டும்தான் ஆர்டித்துக்குத் தெரியாது. துவைத்தாலும் போகாத அந்த வாடை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. போவதற்கு முன்னால் அவன் ஊற்றி வைத்ததுதான் இத்தனை நாள் எரிந்திருக்கிறது.

கர்ட்டிஸ் தன் வண்டியிலிருந்து இரண்டு கேன் ஊற்றினான். பொத்திப் பொத்தி எரித்தால் நாலைந்து நாள் வரும். அவசர நிதிக்கு மனு போடுங்கள், அரசாங்கம் இந்த வாரம்தான் இன்னொரு தவணை விட்டிருக்கிறது, தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று சொல்லிவிட்டுப் போனான். கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் மகன் கேரலுக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. அவன் நல்ல பிள்ளை, அதுதான் தொந்தரவே. ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருகிறேன், எங்களோடு வந்து இரு, வீட்டை விற்றுவிடலாம் என்றான். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிட்டால் அப்புறம் வீடு என்று சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சும் என்றும் கேட்டான்.

அவள் மூன்று நாள் கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அடுக்களைச் சுவரில் மெர்ல் அடித்த அலமாரி, அவன் உட்காரும் நாற்காலியில் அவன் தேய்த்த தேய்மானம். கனெக்டிகட்டில் இது எதுவும் இருக்காது. வியாழக்கிழமை காலையில் வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி பனி பிடித்திருந்தது. தீக்குச்சியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு உதவித்தொகை அலுவலகம் இருக்கும் மச்சையஸ் நகரத்துக்கு வண்டியை எடுத்தாள்.

அலுவலகத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், ஜோலீன் என்று பெயர்ப் பலகை. ஆர்டித் உட்காரவில்லை. முதலில் ஒன்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு.

“பேரை அச்சடிப்பீங்களா?”

“எந்தப் பேரை?”

“வாங்குறவங்க பேரை. புத்தகத்துல.”

ஜோலீனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூட எங்களுக்கு அனுமதியில்லை, உட்காருங்கள் என்றாள். விலாசத்தைத் தட்டச்சு செய்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“உங்க வீடு ஏற்கெனவே எங்க பட்டியல்ல இருக்கே மிஸஸ் பீல். மெர்ல் பீல் பேர்ல, பதினாலு வருஷமா. இந்த வருஷம்தான் புதுப்பிக்கல. அக்டோபர்ல கடிதம் போட்டிருந்தோமே?”

ஆர்டித்துக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த மனுஷன் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடைத்திருக்காது. பதினாலு வருஷம்! அவளுடைய ஓய்வூதியச் சீட்டையும் எடுத்து வைத்து மனு போட்டிருக்கிறான், திருட்டுப் பயல். உதவித்தொகை நேரே எண்ணெய்க் கடைக்குப் போய்விடும், வண்டி வந்து நிரப்பிவிட்டுப் போகும், அவள் மெர்ல் காசு என்று நினைத்துக்கொள்வாள். ஜனவரியில் அது தீர்ந்ததும் கேனைத் தூக்கியிருக்கிறான். கோபத்துக்குப் பின்னாலேயே வந்தது வேறு. பதினாலு வருஷச் சனிக்கிழமைகளும், பீன்ஸ் தட்டுக்கு மேல் குனிந்திருந்த அந்தத் தலையும் கண்முன் வந்து நின்றன. அவள் விளாசிய ஒவ்வொரு சொல்லும் போய் விழுந்தது அவன் மேல்தான். வெட்கத்தில் அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது.

“தொட்டியில இப்ப எவ்வளவு இருக்கு?” என்று ஜோலீன் மெதுவாகக் கேட்டாள். “கால் தொட்டிக்குக் கீழ இருந்தாத்தான் அவசர நிதி குடுக்க முடியும்.”

“அரை” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜோலீனின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. ஆர்டித் கோட்டுப் பையில் கைவிட்டுத் தீக்குச்சியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள், நீல அட்டைப் புத்தகத்திலிருந்து டீசல் கேன் வரைக்கும். பதினாலு வருஷமாக அடுத்தவர் நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே அடுத்தவரைத் திட்டியிருக்கிறேன், எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவேன் என்றாள்.

ஜோலீன் தீக்குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னை ஞாபகம் இல்லையா உங்களுக்கு? அஞ்சாம் நம்பர் வண்டி. என்கிட்ட கோட்டு கிடையாது, எங்க அண்ணனோட சட்டையை மேல போட்டுக்கிட்டு வருவேன். வாயாடின்னு திட்டி என்னை முன்னாடி உட்கார வச்சீங்க. ரெண்டு குளிர்காலம். மிஸஸ் பீல், எனக்கு அப்பல்லாம் திக்குவாய். நான் வாயே திறக்க மாட்டேன்.”

ஆர்டித்துக்கு ஞாபகம் வந்தது. அந்த இருக்கைக்கு வந்த வாயாடிகள் ஒவ்வொருவரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். கோட்டில்லாதவர்கள், பூட்ஸ் ஓட்டையானவர்கள். குளிர்கிறதா என்று ஒருத்தரையும் அவள் கேட்டதில்லை. கேட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் இதை மெர்லிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அவன் அன்றைக்கும் சிரித்துக்கொண்டான்.

“குச்சியைக் குடு” என்றாள். பிறகு பேனாவையும் கேட்டாள். மனுவில் மெர்லின் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எண்ணெய் வண்டி வந்தது. எண்ணெய் இறங்கும்போது வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாய் விசில் அடிக்கும். மெர்ல் இருந்தபோது அந்தச் சத்தத்தில் வானொலி கேட்கவில்லை என்று எரிந்து விழுவாள். இன்றைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக் கடைசி வரைக்கும் கேட்டாள். நூறு கேலன், அவசர நிதியில் அவ்வளவுதான். மார்ச் பிறக்கும்வரை தாங்கும், அதற்குள் ஜோலீன் வழக்கமான உதவித்தொகையையும் புதுப்பித்துவிடுவாள். கணப்பு பற்றிக்கொண்டதும் மகனைக் கூப்பிட்டு, வேன் வேண்டாம், வருவதானால் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சும்மா வா என்றாள்.

பிறகு உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்கு இறங்கினாள். சிவப்பு மிதவை ஏறியிருந்தது, ஆனால் பாதியை எட்டவில்லை, அதற்குக் கீழே நின்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக அது ஆடி அவள் பார்க்கிறாள். தொட்டியின் தலையில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள்.

“அரைத் தொட்டி இருக்கு மெர்ல், நீ ஒண்ணும் கவலைப்படாதே” என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைத்து மேலே வந்தாள்.