கசகசா போட்ட குருமா

என் தம்பி ஷங்கருக்கு ஐம்பது வயது. ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடுகிறான். அவன் கைப் பரோட்டாவுக்கென்றே தினமும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மரியாதைக்கு வர அவன் பட்டது கொஞ்சமில்லை. பதினேழு வருடம் ஹெராயின். மூன்று முறை உள்ளே போய் வந்தான். என் தாலிச் சங்கிலியைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாம் திமிர், வேறொன்றுமில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வெளியே வந்த பிறகு ஐந்து வருடக் கண்காணிப்பு. குறித்த நாளில் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் குற்றம், ஏதாவது தெரிந்தால் மறுபடியும் உள்ளே. ஒரு நாள் தவறவில்லை. கடைசிச் சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தோ பாயோவில் என் வீட்டுக்கு அவனை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன்.

ஊரிலிருந்து வந்த என் நாத்தனார், புடவைகளுக்கு நடுவே ஒரு கசகசாப் பொட்டலத்தை ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். இந்த ஊரில் அதற்குத் தடை என்று எனக்குத் தெரியும். ஏன் தடை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சூயிங்கத்துக்குப் போட்ட தடை மாதிரி இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, தாராளமாக அரைத்துக் குருமாவில் விட்டேன்.

சாப்பிடும்போது என் மகன் ஜெய் வாதத்தை ஆரம்பித்தான். பல்கலைக்கழகம் போனதிலிருந்து அவன் பேசாத விஷயமில்லை.

"சில நாட்டுல கஞ்சா லீகல் மாமா. யாருக்கும் தொல்லை இல்லாம ஒருத்தன் ஜாலிக்கு எடுத்தா கவர்மெண்ட்டுக்கு என்ன லா?"

ஷங்கர் கோபப்படவில்லை. "ஜாலிக்கு எடுத்துட்டு நிறுத்தினவங்களையும் பாத்திருக்கேன்டா. என்னால முடியல. அதுலயும் எனக்கு மருந்தைவிடப் பொய்தான் பெரிய பழக்கம். மருந்தை விட்டப்புறமும் வாயத் தொறந்தா பொய்தான் வந்துச்சு. அது நிக்கத்தான் ரொம்ப நாளாச்சு." இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். "குருமா நல்லா கெட்டியா இருக்குக்கா. என்ன போட்ட?"

நான் பெருமையாகச் சொன்னேன். ஜெய் கைப்பேசியை எடுத்துத் தேடினான். அவன் முகம் மாறியது.

"அம்மா, அது ஓபியம் செடியோட விதை. யூரின் டெஸ்ட்ல ஹெராயின் எடுத்த மாதிரி காட்டும்."

நான் குருமாச் சட்டியை மூடினேன். நிறையத் தண்ணீர் குடிக்கலாம், காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்று ஜெய் ஏதேதோ சொன்னான். ஷங்கர் கையைக் கழுவிவிட்டு வந்து, தன் கண்காணிப்பு அதிகாரிக்கு அங்கேயே போன் போட்டான். அவரும் தமிழர். கசகசா சாப்பிட்டுவிட்டதாக உள்ளது உள்ளபடி சொன்னான். எங்கே சாப்பிட்டாய் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். ஷங்கர் என்னைப் பார்த்தான்.

கசகசா வைத்திருந்தது நான். என்னைக் காப்பாற்ற ஒரு பொய் போதும். அந்தப் பொய்யை அவன் சொன்னால் பழைய ஷங்கர் என் சமையலாலேயே திரும்பி வந்துவிடுவான் என்று பயந்துபோனேன். போனைப் பிடுங்கினேன்.

"சார், நான் சுதா. ஷங்கரோட அக்கா. சமைச்சது நான்தான். பொட்டலம் என்கிட்ட இருக்கு."

மறுநாள் பொட்டலத்தோடு இருவரும் போனோம். நான் நடந்ததை எழுதிக் கொடுத்தேன், அவன் சிறுநீர் கொடுத்தான். கூடுதலாக ஆராய்ந்து பார்க்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவன் வேலைக்குப் போனான். நான்தான் சரியாகச் சாப்பிடவில்லை. மறுபடி எங்களைக் கூப்பிட்டார்கள். ஹெராயின் எடுத்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை, கண்காணிப்பு முடிந்தது என்றார் அதிகாரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து என் முறை. கசகசா வைத்திருந்ததற்கு எச்சரிக்கைக் கடிதம். கையெழுத்துப் போட வேறோர் அதிகாரியின் மேசை முன் என்னைத் தனியாக உட்காரவைத்தார்கள். எங்கே போடுவது என்று தெரியாமல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "உங்க குடும்பத்துல யாராவது கூட வந்திருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

இதே கேள்வியை ஷங்கரிடம் எத்தனை முறை கேட்டிருப்பார்கள். ஒரு முறைகூட நான் அங்கே இருந்ததில்லை. அவன் கதவோரத்திலிருந்து எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் இருக்கேன் சார். தம்பி."