மூடுபனிக்குள் ஒரு குடைக்காரர்

ஒஸ்லோவின் ட்வெய்ட்டா பகுதியில் சனிக்கிழமைகளில் சீன மை ஓவியம் பழக்கினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் நானும் போய்ச் சேர்ந்தேன். ஆசிரியை சீனாவிலிருந்து வந்தவர், என் மகளின் வயதுதான் இருக்கும். ஆறு மாதமாக ஒரே வேலை: பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஓர் ஓவியரின் மலையைப் பார்த்துப் பார்த்து வரைவது. பாறை மடிப்புகளுக்கு அவர் இழுத்த காய்ந்த தூரிகைக் கீறல் என் கைக்கு வரவே நாலு மாதம் பிடித்தது.

ஒரு நாள் ஆசிரியை அந்தப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்.

"இனி அவருடைய முறையில் நீங்கள் பார்த்த மலையை வரையுங்கள்" என்றார் நோர்வேஜிய மொழியில். "அவரும் தனக்கு முந்தியவர்களிடம் அப்படித்தான் எடுத்தார். யாரிடம் எடுத்தேன் என்று ஓரத்தில் எழுதியும் வைத்தார்."

எனக்கு அன்று முழுக்க நிலைகொள்ளவில்லை. மறுநாளே கணவரை இழுத்துக்கொண்டு மெட்ரோவில் நகருக்கு வடக்கே மலைக்குப் போனேன். ஏறி முடிய, மூடுபனி வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. கணவர் குடையை விரித்தார்.

"இஞ்சேரும், ஒண்டும் தெரியேல்லை. வாரும், போவம்."

"கொஞ்சம் பொறுங்கோ! அசையாதேங்கோ!" என்று கத்தினேன்.

கீழே ஊசியிலை மரங்களின் நுனிகள் மட்டும் கறுப்பாக மிதந்தன. நடுவில் வெறும் வெள்ளை. அந்த ஓவியர் தாளை ஏன் வெறுமையாக விட்டார் என்பது அந்தக் கணத்தில்தான் விளங்கியது. விட்ட இடம்தான் பனி! வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே மையை அரைக்கத் தொடங்கினேன்.

ஒன்பதாவது தாளில் மலை வந்தது. அடிவாரத்தில், பழைய ஓவியங்களில் தடியூன்றிய வழிப்போக்கன் நிற்கும் இடத்தில், குடையோடு ஒருவரை வைத்தேன். கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது நானே? என்ன இவ்வளவு சின்னனாக் கீறியிருக்கிறீர்?"

"மலை பெரிசெல்லே!"

அடுத்த சனிக்கிழமை ஆசிரியை அதை மேசையில் விரித்துவைத்தார். பிறகு பாறைக் கீறலைத் தொட்டு, "இது அவர்" என்றார். குடையைத் தொட்டு, "இது நீங்கள்" என்று சிரித்தார். சின்னத் தூரிகையை என் கையில் தந்து, ஓரத்தில் என் மொழியிலேயே எழுதச் சொன்னார்.

எழுதினேன்: 'முன்னோர் ஒருவரின் தூரிகை வழியில், ஒஸ்லோ மலை.'