நல்ல தண்ணி

எங்கள் கரையில் நல்ல தண்ணி என்றால் உப்பில்லாத தண்ணி. அவ்வளவுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர்க் களப்பு, நடுவே மணல். அந்த மணலைத் தோண்டி எடுத்த நீர் வாயில் கரிக்காவிட்டால் அது நல்ல தண்ணி. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து அந்தச் சொல்லோடு வளர்ந்தவன் நான். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். மணலில் போடும் யூரியா அங்கே நிற்காது. நைத்திரேற்றாக மாறி, இறைக்கும் நீரோடு இறங்கிக் கிணற்றுக்கே திரும்பி வரும். அதற்கு நிறமில்லை, ருசியில்லை. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கோ இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது. உதடு நீலமாகும்.

பதினேழாம் கிணற்றில் அளவு மிக மோசம். அந்த வீட்டில் இருந்தது, யுத்தகாலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பம். சொந்தக்காரர் பலர் திரும்பிப் போனபோதும், தோட்டமும் கிணறும் இருந்ததால் இவர்கள் போகவில்லை. கலியாணமாகிப் பத்து வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டு அக்காவுக்கு, நான் ராத்தா என்று கூப்பிடுபவருக்கு, ஒரு பிள்ளை பிறந்திருந்தது. இரண்டு மாதம். தாய்ப்பால் இல்லை, தண்ணீரில் கரைக்கும் மாப்பால்.

முடிவுகளைத் துறைத் தலைவரிடம் கொண்டுபோனேன்.

“நல்ல விசயம் ஐசே. பெரிய ஜேர்னலுக்கு அனுப்பும்.”

“கிணத்துக்காரருக்கு முதல்ல சொல்லட்டா, சேர்?”

“சொன்னா அவை பேப்பர்காரனிட்டப் போவினம். பேப்பரில வந்து நாறின விசயத்தைப் பெரிய ஜேர்னல் எடுக்குமே? உம்மட இன்டர்வியூவில ஆரும் கிணத்தைப் பற்றிக் கேக்க மாட்டினம். இம்பக்ட் ஃபக்டர் எத்தினை எண்டுதான் கேப்பினம்.”

அது ஓர் எண். ஓர் ஆய்விதழில் வரும் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற கணக்கு. இதழின் எண் அது, கட்டுரையின் எண்ணல்ல. எந்த லொறியில் வந்தது என்று பார்த்து மீனின் பதத்தைச் சொல்வது மாதிரி. எங்கள் கரையில் செவிளைத் தூக்கிப் பார்க்காமல் எவனும் மீன் வாங்கமாட்டான். படித்த கூட்டம் வாங்கும். நானும் அந்தக் கூட்டத்தில் சேர ஆசைப்பட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை தண்ணீர் எடுக்கப் போனபோது ராத்தா பிள்ளையோடு கிணற்றடிக்கு வந்தார்.

“தம்பி, போத்தல் போத்தலா அள்ளிட்டுப் போறீங்க. எங்கட தண்ணி எப்பிடி, நல்லமா?”

“நல்ல தண்ணிதான் ராத்தா.”

உப்பில்லை என்ற அர்த்தத்தில் அது பொய்யில்லை. அந்த அர்த்தத்துக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

“அல்ஹம்துலில்லாஹ். எண்டாலும் நான் நல்லாக் கொதிக்க வச்சுத்தான் புள்ளைக்குப் பால் கரைக்கிறன்.”

கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகும். நைத்திரேற்று மிஞ்சி இன்னும் செறியும். எனக்கு அது தெரியும். போத்தலுக்கு மூடியைப் போட்டுத் திருகினேன்.

இதழ் மாதக்கணக்கில் இழுத்தது. இந்த அட்டவணையை மாற்று, அந்தப் பந்தியைச் சுருக்கு என்றார்கள். மாற்றினேன், சுருக்கினேன். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். நேர்முகத்தில் இதழின் எண்ணைக் கேட்டார்கள், சொன்னேன், தலையாட்டினார்கள். ஒருவர்கூடக் கட்டுரையைப் புரட்டவில்லை. வேலை நிரந்தரமாயிற்று. அதன் பிறகுதான் ராத்தாவிடம் சொல்லப் போனேன்.

அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது. நான் அட்டவணை திருத்திக்கொண்டிருந்த காலத்தில் பிள்ளையின் உதடும் நகமும் நீலமாகி, புத்தளம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அங்கிருந்த டொக்டர் பிள்ளையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “எந்தத் தண்ணியில பால் கரைக்கிறீங்க?” என்பதாம். ஊசி போட்டு, ஒட்சிசன் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். அவர் பெயரில் ஏதாவது கட்டுரை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பிள்ளை பிழைத்ததில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

ராத்தா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“அண்டைக்கு உங்களுக்குத் தெரியுமா, தம்பி?”

“ஓம்.”

“நான் கேட்டன்தானே?”

“கேட்டீங்க.”

எழும்பி உள்ளே போனார். முற்றத்தில், பள்ளிவாசல் குழாயிலிருந்து சுமந்து வந்த தண்ணீர்க் கானில் ‘புள்ளைக்கு’ என்று கரியால் எழுதியிருந்தது. அதை அவர் தொடவில்லை. கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியோடு வந்து கதிரையில் வைத்தார்.

“குடிங்க. நல்ல தண்ணிதான்.”

குடித்தேன். சீனி கொஞ்சம் கூடுதல். வேறு ஒரு ருசியும் இல்லை.