சூடமும் ரகசிய ஓட்டும்

சேலம் காலேஜில் எனக்கு அரசியல் சாஸ்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். அரசு என்றால் என்ன, இறையாண்மை என்றால் என்ன என்று எல்லாவற்றையும் இங்கிலீஷில் உருப்போட்டேன். அதிலும் ரகசிய ஓட்டு என்ற பாடத்தின் மேல் எனக்குத் தனி மோகம். திரைக்குப் பின்னால் போய்விட்டால் குத்தகைக்காரனும் ராஜாதான் என்று நம்பினேன். அந்த மடத்தனத்துக்கு என் அப்பாவின் தோட்டம் போயிற்று.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் பண்ணையாரின் கிணற்றுத் தோட்டத்தை அப்பா குத்தகைக்கு உழுதுவந்தார். அது வெள்ளைக்காரன் காலம், தீர்வை கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. சொந்தமாக இருந்த மேட்டுக்காட்டுக்குத் தீர்வை கட்டியதால் அவருக்கு ஓட்டு உண்டு. அம்மாவுக்குக் கிடையாது, அவள் பாட்டுக்குக் களையெடுத்தாள். சட்டசபைத் தேர்தலில் பண்ணையாரே நின்றார். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. பண்ணையாருக்குப் பச்சை, எதிராளிக்கு மஞ்சள். “பச்சையிலதான் போடோணும்” என்று காரியஸ்தர் வந்து சொன்னபோது எல்லோரையும் போல அப்பாவும் தலையாட்டினார்.

ஆனால் அவருக்கு உள்ளுக்குள் ஆத்திரம். கிணறு வற்றி விளைச்சல் பாதியான வருஷத்திலும் பண்ணையார் குத்தகை நெல்லில் ஒரு வள்ளம்கூடக் குறைக்கவில்லை. ரகசிய ஓட்டுப் பாடத்தை எடுத்துச் சொல்லி அந்த ஆத்திரத்தை நான் ஊதிவிட்டேன்.

“ஆருக்குமே தெரியாதா சாமி?” என்று அப்பா கேட்டார்.

“கவர்னருக்கே தெரியாதுங்கப்பா” என்றேன். படித்த திமிர்.

அப்பா மஞ்சளில் போட்டார். திரும்பி வரும்போது அவர் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது.

பண்ணையார் தோற்றார். எங்கள் ஊரிலேயே அவருக்கு ஓட்டுக் குறைந்துவிட்டது. யார் போடவில்லை என்று கண்டுபிடிக்கச் சட்டத்தில் வழியில்லை. அவருக்குச் சட்டம் எதற்கு? குத்தகைக்காரர்களை மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொன்னார். தட்டில் சூடம் கொளுத்தினார்கள். “உங்க பெட்டியிலதான் போட்டனுங்க” என்று சொல்லி ஒவ்வொருவரும் உள்ளங்கையால் சூடத்தை அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனின் பிள்ளைகள் தழைக்கமாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

அப்பாவோடு மஞ்சளில் போட்டுவிட்டு வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்த பக்கத்துத் தோட்டக்காரர் கூசாமல் அணைத்துவிட்டுப் போனார். அடுத்தது அப்பா. அணைத்துத் தொலையுங்கள் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் கையை நீட்டினார். என்னைப் பார்த்தார். கையை மடக்கிக்கொண்டார்.

“மஞ்சப் பொட்டியில போட்டனுங்க.”

அடுத்த வாரமே தோட்டம் பக்கத்துத் தோட்டக்காரர் கைக்குப் போயிற்று. அவருடைய பிள்ளைகள் இன்றும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு அவர் மேல் இருக்கும் வயிற்றெரிச்சல் அடங்கவே இல்லை. என் மேல் இருப்பது அதைவிட அதிகம்.

மாடுகளை அவிழ்த்துக்கொண்டு தோட்டத்தை விட்டு வெளியேறிய அன்று, “ஏனுங்கப்பா சொன்னீங்க?” என்று அழுகையும் கோபமுமாகக் கேட்டேன்.

“நீ படிச்சது பொய்யில்ல சாமி, ஆருக்கும் தெரியலை” என்றார் அப்பா, என்னைத் தேற்றுகிற குரலில். “நான் அணைச்சிருந்தா அது உன்ற தலைமேலயில்ல வந்து உழும்?”