முதல் வகுப்பில் வின்னி

கல்யாணமான கையோடு வின்னி குடிவந்தது ஒரு ரயில் பெட்டிக்குள். யார்க்‌ஷயர் கடலோரத்தில், சக்கரம் கழற்றி வயலில் போட்டுவிட்ட பழைய பெட்டி அது. வாய்க்கால் தூர்வாரும் கூலியான பெர்சிக்கு அதற்குமேல் ஒரு வீடு அமையவில்லை. நடுத்தடுப்பைப் பிடுங்கிச் சமையலறை ஆக்கினான். கூரையில் துளை போட்டு அடுப்புக்குப் புகைக்குழாய் வைத்தான். சுவரெல்லாம் ரோஜாப்பூக் காகிதம் ஒட்டினாள் வின்னி. கோடி அறையில் கட்டில். கிழவனான பிறகு, ஜன்னலுக்கு வெளியே இருந்த முள்வேலியைப் பார்த்தபடியே, சளி முற்றி அந்தக் கட்டிலில் பெர்சி போய்ச் சேர்ந்தான்.

வயல் கைமாறியது. புதிய சொந்தக்காரன் வின்னியைக் காலி பண்ணச் சொன்னான். பெட்டியை எடுத்துப்போக, பழைய ரயில் பாதையொன்றைத் தொண்டாக நடத்திவந்த கூட்டத்தார் வந்தார்கள். தலைவர் ஹெட்லி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு மூலையில் வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தவர் துள்ளினார்.

"தேக்கு! விக்டோரியா ராணி காலத்துத் தேக்கு! இதப் போயி இந்தக் கதி பண்ணிருக்கானுங்களே, காட்டுமிராண்டிப் பசங்க!"

தேநீர்த் தட்டோடு நின்ற வின்னி, "சர்க்கரை போடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நகராட்சி கொடுத்த அறையில் அவளுக்கு ஒட்டவில்லை. ஒரு புதன்கிழமை பஸ் ஏறி, பெட்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கொட்டகைக்குப் போய், தன் வீட்டைத் தூர நின்று பார்த்தாள். யாரோ அவள் கையில் உப்புத்தாளைத் திணித்தார்கள். அப்படியே, புதன்கிழமைதோறும் வரும் தொண்டர்களோடு சேர்ந்துவிட்டாள். தான் ஒட்டிய ரோஜாப்பூக்களைத் தானே சுரண்டி எடுத்தாள். அவள் யாரென்று ஹெட்லிக்குத் தெரியும். அவர் வெளியே சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. மெத்தை தைக்கும் டோரீன் மட்டும் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்து, "மெதுவா, கண்ணு. பொட்டி எங்கயும் ஓடிடாது" என்பாள். வின்னிக்கு வாய்த்த ஒரே சிநேகிதி. குளிர்காலம் முழுக்க டோரீன் தைத்த நீல வெல்வெட் இருக்கை, பெர்சியின் கட்டில் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

பெட்டி மறுபடி ஓடவிருந்த நாளில் மேயர் வந்தார், பாண்டு வாத்தியம் வந்தது. ஹெட்லி திரையில் படம் காட்டினார். முதல் படம், வின்னியின் சமையலறை. அடுத்தது, கொடியில் தொங்கிய பெர்சியின் நீளக் கம்பளி உள்ளாடை.

"முதல் வகுப்புப் பயணிகளோட உடை அலங்காரம்!" என்றார். கூட்டம் குலுங்கியது. டோரீன் கண்ணில் நீர்வரச் சிரித்தாள். "ராணி காலத்துக் கூரையில ஓட்ட போட்ட மகானுபாவன் யாரோ?" என்று கேட்டார் ஹெட்லி.

வின்னி கையைத் தூக்கினாள். "எம் புருஷன். அந்த உள்ளாடையும் அவருதுதான்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஹெட்லி கண் சிமிட்டினார். "நம்ம வின்னிக்கு எப்பவும் நையாண்டிதான். பலமா கைதட்டுங்க!"

தட்டினார்கள்.

பரிமாறிக்கொண்டிருந்த தேநீர்க் குவளைகளை அப்படியே விட்டுவிட்டு அவள் பெட்டிக்கு நடந்தாள். மேயருக்கென்று ரிப்பன் கட்டியிருந்த கோடி அறைக்குள் ஏறி, தொண்டர்கள் எல்லோரிடமும் இருக்கும் சதுரச் சாவியால் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

மேயர் முன்னால் தன் சாவியைப் போட்டு இழுபறி செய்யக் கூசி, ஹெட்லி கண்ணாடியைத் தட்டினார். "வின்னி, இறங்குங்க! எல்லாரும் பாக்குறாங்க!"

"இது என் படுக்கையறை. வேற ரூமுக்குப் போங்க."

இன்ஜின் கூவியது. மேயர் சிரித்து மழுப்பியபடி மூன்றாம் வகுப்பில் ஏறினார். வண்டி கிளம்பியது.

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் வாழ்நாளெல்லாம் அசையாமல் நின்ற ஜன்னல். இப்போது அதில் மரங்கள் ஓடின, ஆடுகள் ஓடின, பாலம் ஒன்று பாய்ந்து வந்து போனது. முள்வேலியை நினைத்துக் கண்ணை மூடிப் பார்த்தாள். பெட்டி ஆடிய ஆட்டத்தில் அதுவும் நிற்கவில்லை. தலை சுற்றியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள், நீல வெல்வெட் முழுக்க வாந்தியெடுத்துவிட்டாள்.

வண்டி திரும்பி வந்ததும் முதலில் ஓடிவந்து கதவைத் திறந்தவள் டோரீன்.

"டோரீன், எனக்கு..."

டோரீன் அவளைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு, தன் மேல்துணியால் இருக்கையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கறை பரவியது.

"என் கையப் பாரு. ஊசி குத்தாத வெரல் இல்ல. என் ஒழைப்போட மதிப்பு ஒனக்கு இவ்வளவுதான், இல்ல?"

"வேணும்னு பண்ணல..."

"இறங்கு."

பிளாட்பாரத்தில் ஹெட்லி கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் சாவியைக் கொடுத்தாள்.

"இனி புதன்கிழம சிரமப்பட வேண்டாம்" என்றார், பள்ளிப் பிள்ளையிடம் பேசும் குரலில்.

பிறகொரு நாள் இறைச்சிக் கடை வரிசையில் டோரீனைப் பார்த்தாள் வின்னி. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். டோரீன் வரிசையை விட்டு விலகி, ஒன்றும் வாங்காமலே வெளியே போனாள். கடைக்காரர் வின்னியிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். அவளுக்கு நினைவு வரவில்லை.